மூன்றாம் ரீலில் ஏழு புள்ளிகள்

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று யூசுப் கேட்டார். யூசுப்பை உங்களுக்குத் தெரியும். உங்கள் கம்ப்யூட்டர் நின்றுபோனால் பக்கத்தில் வந்து பெருமூச்சு விடுபவர். அறிவுரை எழுத எனக்கு வராது. செய்த தப்புகளை எழுதச் சொன்னால் எழுதலாம், அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

நான் இருபத்தேழு வருஷம் தூசி துடைத்தேன். முதலில் ஃபிலிம் மேலேயே துணி வைத்துத் துடைத்தோம். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்து, புள்ளியும் கீறலும் பூஞ்சையும் அழித்தோம். எங்கம்மா வியாசர்பாடியில் எல்லோரிடமும் என் பொண்ணு சினிமாவில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள். அதை நம்பி இரண்டு பேர் தங்கள் மகளுக்குச் சான்ஸ் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். டீ கொடுத்து அனுப்பினோம்.

ஆபீஸ் திருவொற்றியூரில், லேத் பட்டறைக்குப் பக்கத்துக் கட்டடம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, காற்று வடக்கே இருந்து வந்தால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல். ஊரிலேயே தூசி அதிகமான இடத்தைத் தேடிப் பிடித்துத் தூசி துடைக்கும் ஆபீஸ் வைத்தவர் எங்கள் முதலாளி. வாடகை குறைவு என்றார்.

எனக்கு ஒரு சீனியர் இருந்தார். எங்கேயும் தன் பேரைப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார், அதனால் போடவில்லை. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. அதில் ஒரு சோகக் காட்சி. ஃபிலிம் பூராவும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தது. இவ்வளவு கீறலா என்று நான்கு நாள் உட்கார்ந்து ஒன்று விடாமல் அழித்தேன். முடித்துவிட்டுப் பெருமையோடு சீனியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஆளு எதுக்கு கொடை புடிச்சுகினு நிக்கிறாரு?"

"மழைக்கு சார்."

"மழை எங்க?"

நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கதாநாயகர் நல்ல வெயிலில் நின்றார்.

"துடைச்சுட்டேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து சொன்னார்: "கீறல் எல்லாத்து மேலயும் வுழும், கொடைக்குள்ளயும் வுழும். மழை கொடைக்குள்ள பெய்யாது. எதையும் துடைக்கறதுக்கு முன்னாடி, இது போச்சுன்னா யாருக்கு நஷ்டம்னு ஒரு தபா கேட்டுக்கோ."

அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, அதற்கப்புறம் நிம்மதியாக மறந்துவிடலாம். அதே தப்பை இரண்டாம் முறை செய்ய எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. இந்தத் தடவை துடைத்தது மழை இல்லை.

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கை இடித்தபோது எட்டு டப்பா ஃபிலிம் கிடைத்தது. மூன்று டப்பாவில் ஃபிலிம் உருகி வெல்லப்பாகாகக் கிடந்தது. ஐந்து தேறின. பேசாத படம். பேச்சு வருவதற்கு முன்னால் எடுத்த படங்களில் நம் ஊரில் மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை என்பதால், ஓர் அறக்கட்டளை அதை எங்களிடம் சுத்தம் செய்யக் கொடுத்தது. முதல் டப்பா போய்விட்டதால் படத்தின் பேர் தெரியாது. கடைசி டப்பா போய்விட்டதால் முடிவும் தெரியாது. கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான், குடிக்கிறான், வீட்டை மறக்கிறான். அவனைத் தேடி அவன் பெண்டாட்டி வருகிறாள். பட்டணம் அவளை அலைக்கழிக்கிறது. அவ்வளவுதான் கதை. நாங்கள் அதை மூட்டைக்காரன் படம் என்று கூப்பிட்டோம்.

முதல் சிக்கல் வேகத்தில் வந்தது. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி எடுத்தார்கள். எவ்வளவு வேகத்தில் சுற்றினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இன்றைய வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் கோழி மாதிரி ஓடுகிறார்கள். ரொம்பக் குறைத்தால் தூக்கத்தில் நடக்கிறார்கள். ஆபீசில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். கடைசியில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்தான் வழி சொன்னார்.

"எங்க தெருவுல கன்னியப்பன் நைனா கீறாரு. நாப்பது வருஷம் ஆர்பர்ல மூட்டை தூக்குனவரு. அவரக் கூட்டியாந்து காட்டுங்க."

கன்னியப்பனுக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் நைனா, அதனால் எனக்கும் நைனா. ஐம்பத்து மூன்று வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் காட்சியை மட்டும் பார்த்தார்.

"மூட்டையில இன்னா கீது, பஞ்சா?"

"அரிசின்னு போட்டிருக்கான் நைனா."

"அரிசி மூட்டைய முதுவுல வெச்சுகினு எவன் இப்படி ஓடுவான்? இடுப்பு பூடும்."

வேகத்தைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் குறைத்தேன். பலகை மேல் கால் வைக்கும் ஆள், முழங்காலை மடக்கி, ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த காலை எடுத்தார். நைனா தலையாட்டினார்.

"இப்ப வெயிட்டு தெரியுது."

அந்த வேகத்தைத்தான் வைத்தோம். பின்னால் அறக்கட்டளையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் எந்த முறையில் வேகத்தைக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டார். அரிசி மூட்டையை வைத்து என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வேலை முடிந்தும் நைனா எழுந்திருக்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தப் படத்துல பொம்பளைங்க வராங்களா பாப்பா?" என்றார்.

வருகிறார்கள் என்றேன். அப்போதுதான் சொன்னார். அவர் அம்மா கல்யாணத்துக்கு முன்னால், பதினேழு வயதில், ஒருநாள் ஒரு சினிமாவில் நடித்தாளாம். யாரோ ராயபுரத்தில் படம் பிடிக்க வந்தவர்கள், தெருவில் போன பெண்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்களாம். சினிமாவில் நிற்பது அன்றைக்குக் குடும்பப் பெண் செய்கிற காரியம் இல்லை. அவள் அப்பா, தான் சாகும்வரை அதைப் பற்றி வீட்டில் யாரையும் பேசவிடவில்லை. நைனா பிறந்து பத்தாம் மாதத்தில் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். போட்டோ ஒன்றுகூட இல்லை. வளர்த்தது சின்னம்மா. அந்தச் சின்னம்மாதான் சினிமாக் கதையை அவருக்கு ரகசியமாகச் சொன்னது.

"எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது நைனா?"

"ரெண்டு மூக்குலயும் கல்லு மூக்குத்தி. சின்னக் கல்லுதான், சொம்மா பாத்தா கீறதே தெரியாது. இந்தப் பக்கம் திரும்புனா பளிச்சுனு ஒரு அடி அடிக்கும், அந்தப் பக்கம் திரும்புனா இன்னொரு அடி அடிக்கும்னு சின்னம்மா சொல்லும். அம்மா பூட்டப்புறம் அந்தக் கல்ல வித்துத்தான் எனக்குப் பால் வாங்குச்சாம்." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் படமான்னு தெரியாது. வேற படமா கூட இருக்கலாம். ஒரு தபா பாத்துடறேன், அவ்ளோதான்" என்றார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். துடைக்காத படம் அந்த நிமிஷமே என் மேஜை மேல் இருந்தது. பொத்தானை அழுத்தியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அது ஒரே அழுக்கு. கலீஜாக இருக்கும் படத்தை வெளி ஆளுக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் குப்பையிலா உட்காரவைப்போம்?

"சுத்தம் பண்ணிட்டுக் கூப்பிடறேன் நைனா. அப்பதான் முகமெல்லாம் நல்லாத் தெரியும்" என்றேன். சரி பாப்பா என்று போனார்.

ஐந்து மாதம் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன். மெஷின் பாதி துடைக்கும், அது விட்டதைக் கையால் துடைப்பது என் வேலை. முகத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை, ஏனென்றால் ஜனங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு ஃபிரேமில் திடீரென்று வெள்ளையாக ஒன்று தோன்றி, அடுத்ததில் இல்லையென்றால் அது தூசி. இது எங்கள் வேலையின் பாலபாடம், உங்களுக்கும் இதைத்தான் முதல் நாள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

முடித்துவிட்டு ஒரு புதன்கிழமை நைனாவைக் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, தலையில் எண்ணெய். ஐந்து ரீலையும் உட்கார்ந்து பார்த்தார். கதாநாயகி, சாராயக் கடைக்காரி, தண்ணிக் குழாயில் சண்டை போடும் பெண்கள், துறைமுக வாசலில் கதாநாயகிக்கு வழி காட்டும் பெண், மீன் கூடைக்காரிகள் எல்லோரும் வந்து போனார்கள். முகங்கள் பளிங்கு மாதிரி இருந்தன. கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்திக் காட்டினேன். கடைசியில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் காலத்துல பொம்பளைங்க மூக்குத்தியே போடலியா பாப்பா? எல்லா மூக்கும் காலியா கீது."

இந்தக் கேள்வியைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஐந்து மாத உழைப்பின் அழகில் மயங்கிக் கிடந்தேன். "பழைய ஃபிலிம் நைனா, சின்னப் பொருளெல்லாம் தெரியாது" என்று ஒரு விளக்கம் வேறு கொடுத்தேன்.

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "சின்னம்மா சொம்மா சொல்லிச்சு போல. அம்மா இல்லாத புள்ளக்கி எதையாவது சொல்லணுமேன்னு சொல்லியிருக்கும்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். எழுபது வருஷமாக நம்பி வைத்திருந்ததை அங்கேயே விட்டுவிட்டு, டீ வேண்டாம் என்று போனார். எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்படுவதைத் தவிர நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு தண்டையார்பேட்டை பாங்குக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே ஒரு பெண் உட்கார்ந்து போனில் நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோ வளைந்தபோது வெயில் உள்ளே வந்தது. அவள் மூக்கிலிருந்து ஒரு வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. அடுத்த நொடி இல்லை. உற்றுப் பார்த்தேன், மூக்கில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தலையைத் திருப்பினாள், மறுபடி ஒரு புள்ளி வந்து போயிற்று.

ஒரு ஃபிரேமில் வெள்ளையாகத் தோன்றி, அடுத்ததில் காணாமல் போவது தூசி.

பட்டணம் முழுக்க மூக்குத்தி போட்ட காலத்தில் எடுத்த படத்தில் ஒரு மூக்கிலும் மூக்குத்தி இல்லையென்றால், அது பழைய ஃபிலிமின் குற்றம் இல்லை. துடைத்தவளின் குற்றம். அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோருடைய மூக்குத்தியையும் நான் ஒருத்தியே கழற்றியிருக்கிறேன். பெரிய திருடர்களுக்குக்கூட அது முடியாது.

அதைவிட மோசமானது அடுத்துத்தான் ஞாபகம் வந்தது. ஃபிலிம் சுருள்கள் போன வாரமே குளிர்வண்டியில் வெளிமாநிலக் கிடங்குக்குப் போய்விட்டன. ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஃபிலிமை இன்னொரு முறை பிரித்தால் உடைந்துபோகும் என்று சொல்லித்தான் அனுப்பினோம். துடைக்காத படம் இருந்த ஒரே இடம் எங்கள் கம்ப்யூட்டர். அடுத்த வேலைக்கு இடம் வேண்டும், வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை அழித்துவிடு என்று முதலாளி யூசுப்பிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

யூசுப்புக்குப் போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸ் நம்பரை யாரும் எடுக்கவில்லை. இறங்கி எதிர்ப்பக்கம் ஆட்டோ பிடித்தேன். டோல்கேட் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இன்னிக்கி நவுராது மேடம்" என்று பாக்கு போட்டார். இறங்கி நடந்தேன். பிறகு ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஹேண்ட்பேக்கைக் கட்டிக்கொண்டு ஹைரோட்டில் ஓடினால் ஜனங்கள் வழி விடுவார்கள். யார் செத்தது என்றுதான் கேட்பார்கள். இரண்டு பேர் கேட்டார்கள்.

ஆபீசுக்குள் நான் நுழையவும் யூசுப் தொப்பியை மடித்து பாக்கெட்டில் வைத்தபடி பின்னால் வரவும் சரியாக இருந்தது.

"அழிச்சிட்டியா?"

"இன்னாக்கா இப்படி மூச்சு வாங்கறீங்க? ஜும்மாவுக்குப் போயிட்டு வந்து அழிக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்பதான் உக்காரப் போறேன்."

நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரும் அதில் உட்காராமல் இருப்பது நல்லது என்று தோன்றியது.

முதலாளி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை காலை படம் அறக்கட்டளைக்குப் போயாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவருக்காகத்தானே? அவருக்குத் தனியா ஒரு காப்பி போடுங்க. யாராவது ஒரு பொண்ணுக்கு ரெண்டு மூக்குலயும் ரெண்டு புள்ளி வெச்சுடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. அவரும் சந்தோஷமாப் போவாரு" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அந்த யோசனையும் அவ்வளவு கெட்டதில்லை, அதுதான் அதிலிருந்த ஆபத்து. எனக்கே ஒரு நிமிஷம் கை துறுதுறுத்தது. எந்தப் பெண்ணுக்கு வைக்கலாம் என்றுகூட மனசு போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஆனால் இல்லாத புள்ளியை வைக்க ஆரம்பித்தால், இத்தனை வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாருக்கும் சொல்ல முடியாது. அந்தக் கிழவருக்கு ஒரு தாயை என் மௌஸால் வரைந்து கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

"இருக்கறத அழிச்சதுக்கே பதில் சொல்ல முடியல. இல்லாதத வேற வைக்கணுமா சார்?" என்றேன். திங்கள் காலைக்குள் முடித்துத் தருகிறேன் என்றதும் அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் யூசுப்பும் உட்கார்ந்தோம். துடைக்காத படத்தைத் திறந்தால் முகமெல்லாம் புள்ளி. எது கல், எது தூசி? அப்போதுதான் சீனியரின் குடை ஞாபகத்துக்கு வந்தது. தூசி ஆள் பார்த்து விழுவதில்லை. மூக்குத்தி மூக்கை விட்டு நகராது. முகம் திரும்பும்போதெல்லாம், மூக்கின் அதே மடிப்பில் அதே இடத்தில் வந்தால் அது கல். மற்றதெல்லாம் தூசி. சொன்னால் எளிது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழவரும் ஒரு ஷேர் ஆட்டோவும் தேவைப்பட்டிருக்கிறது.

கதாநாயகிக்கு ஒரு பக்கம் மூக்குத்தி திரும்பி வந்தது. சாராயக் கடைக்காரிக்கு ஒன்று. மீன் கூடைக்காரிகளில் மூன்று பேருக்கு ஒவ்வொன்று. ஞாயிறு சாயங்காலம் மூன்றாம் ரீலுக்கு வந்தோம். துறைமுக வாசல் காட்சி. கதாநாயகி ஒரு பெண்ணை நிறுத்தி வழி கேட்கிறாள். அந்தப் பெண் இந்தப் பக்கம் திரும்பி அவளைப் பார்க்கிறாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டி வழி காட்டுகிறாள். இந்தப் பக்கம் நாலு ஃபிரேமில் ஒரு புள்ளி. அந்தப் பக்கம் மூன்று ஃபிரேமில் ஒரு புள்ளி. ஏழும் நான் கையால் துடைத்தவை.

யூசுப் அந்த ஏழையும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அது அவரு அம்மாதான்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார்.

"தெரியாது. அது நம்ம வேலையும் இல்ல. துடைக்காம இருக்கறதுதான் நம்ம வேலை."

திங்கட்கிழமை படம் போயிற்று. வியாழக்கிழமை அறக்கட்டளையின் பரிசோதனைக் குறிப்பு வந்தது. வேலை மிகத் திருப்தி, மூன்றாம் ரீலில் மட்டும் ஏழு இடங்களில் தூசி விடுபட்டிருக்கிறது, அகற்றி அனுப்பவும் என்று இருந்தது. மற்ற மூக்குத்திகள் அவர்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அது தூசி இல்லை என்று ஒரு வரி பதில் எழுதினேன். இரண்டு கடிதமும் இன்னும் ஃபைலில் இருக்கின்றன. அந்தப் படம் திரும்ப ஒருநாள் உங்கள் மேஜைக்கு வரலாம். அதற்குள் என்னைவிட வேகமாகத் துடைக்கும் மெஷின் வந்திருக்கும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்புறம் நைனா வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நைனாவிடம் போக ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பயம்தான். அந்த வெளிச்சம் கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கிறது. அவர் கண்ணில் படாமல் போனால், ஒரே தாயை இரண்டாம் முறை இழக்கவைத்தவள் ஆவேன். பட்டாலும் இது இல்லை என்று சொல்லிவிடலாம். இன்ன இடத்தில் பாருங்கள் என்று முன்னாலேயே காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வேணாம் பாப்பா. அதான் பாத்துட்டேனே" என்றார். அவர் மனைவி அம்சா அம்மாள்தான், "அந்தப் பொண்ணு வெயில்ல தூக்கிக்கினு வந்திருக்குது, பாரேன்" என்று அதட்டிப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"நைனா, போன தடவை நான் காட்டினதுல தப்பு இருந்துச்சு. தூசின்னு நெனச்சு மூக்குத்தியெல்லாம் நான்தான் துடைச்சுட்டேன். இதுல அதையெல்லாம் துடைக்கல" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"போடு" என்றார்.

முதல் இரண்டு ரீலில் ஒன்றும் சொல்லவில்லை. கதாநாயகியின் மூக்குத்தி மின்னியபோது அம்சா அம்மாள் ஒத்தக் கல்லு என்றாள், அவ்வளவுதான். மூன்றாம் ரீல் வந்தது. மூட்டைக்காரர்கள் சரியான பாரத்தோடு நடந்தார்கள். வாசலில் கூட்டம். கதாநாயகி வழி கேட்கிறாள். நான் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு பக்கம் திரும்பினாள். பிறகு மறுபக்கம் திரும்பினாள்.

அவர் கை என் கையைப் பிடித்தது. நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய கை.

"பின்னாடி போ."

போனேன். திரும்பப் போட்டேன். இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அதில் தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி மாட்டிக்கொண்டு, "சின்னம்மா பொய் சொல்லல" என்றார்.

அம்சா அம்மாள் குனிந்து பார்த்து, "யம்மா, நம்ம பேத்தியவிட சின்னப் பொண்ணா கீதே" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அவர் அழவில்லை. எத்தனை தடவை போடச் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. வழி காட்டும்போது அந்தப் பெண்ணின் உதடு அசைகிறது. ஏதோ சொல்கிறாள். அவர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா பேசுதுன்னு கேக்காதா பாப்பா?"

"கேக்காது நைனா. பேசாத படம். அப்ப குரலைப் பிடிக்கற வசதி இல்ல."

ஸ்க்ரீனுக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"பரவால்ல. நானுந்தான் அதுகிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. எனக்கு பேச்சு வர்றதுக்குள்ள பூட்டுச்சு" என்றார். பிறகு, "இன்னொரு தபா போடு" என்றார்.